சண்டிகேசுவரர் சந்நிதியில் ஒரு கைத்தட்டல்

சாரல் காலத்தில் தென்காசி காசி விசுவநாதர் திருக்கோயிலுக்கு வரும் குடும்பங்களுள் பெரும்பாலானவை குற்றாலத்தில் நீராடிவிட்டு வருபவை. ஈரம் உலராத தலையும் நெற்றி நிறைந்த திருநீறுமாகப் பிள்ளைகள் முன்னே ஓடுவார்கள். விசுவநாதரையும் உலகம்மனையும் வணங்கி, வலம் வந்து, சண்டிகேசுவரர் சந்நிதியை அடைந்ததும் அவர்கள் செய்யும் முதற் காரியம் கையை ஓங்கித் தட்டுவது. உடன் வந்த பாட்டி பதறித் தடுப்பார்: “ஏ ராசா, தட்டப்பிடாது. சாமி நிஷ்டையில இருக்காரு. கையைத் தொடச்சுக் காட்டு, போதும்.”

பாட்டி சொல்வதே மரபு. சிவன் சொத்தில் ஒரு துரும்பையும் எடுத்துச் செல்லவில்லை என்று வெறுங்கையைக் காட்டி விடைபெறுவதுதான் அங்குள்ள வழிபாடு. கைதட்டி அவரை எழுப்புவதன்று. ஆனால் பாட்டி தடுப்பதற்குள் தட்டிய ஓசை புறப்பட்டுவிடுகிறது. தூண்களுக்கிடையே உருண்டு, கூரையில் தவழ்ந்து, ஓரிரு வினாடி நின்று, பிறகே அடங்குகிறது. வீட்டுக் கூடத்தில் தட்டினால் இப்படி நிற்பதில்லை. பிள்ளை அண்ணாந்து பார்க்கிறான். இது எதிரொலியா?

பள்ளி அறிவியல் பாடத்தில் எதிரொலிக்கு ஓர் அளவு கொடுத்திருப்பார்கள்: தடை குறைந்தது 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தரும் வரி அது. சண்டிகேசுவரர் சந்நிதியிலோ எதிரே உள்ள சுவர் சில அடித் தொலைவில்தான் இருக்கிறது. அப்படியானால் கல் திருப்பித் தந்தது எதை? இந்த வினாவுக்கு விடை காண வந்த வழியே ஐந்தாறு கிலோமீட்டர் திரும்பி, குற்றாலத்து அருவிக்கரைக்குப் போய்வர வேண்டும்.

ஒலி என்பது காற்று ஓடுவதன்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தரும தரிசன வரிசையில் நிற்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்னால் நிற்பவர் ஒருவர் தள்ளுகிறார். அந்தத் தள்ளல் ஆள் மாற்றி ஆளாக முன்வரிசை வரை போய்ச் சேர்கிறது. யாரும் தம் இடத்தைவிட்டு அரையடிக்கு மேல் நகரவில்லை. தள்ளல் மட்டும் நூறடி பயணம் செய்துவிட்டது. கைத்தட்டலும் அருகிலுள்ள காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று அடுத்ததை நெருக்கிவிட்டுத் தான் தளர்கிறது. நெருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறிச் செல்லும் இந்தப் பயணமே ஒலியலை. நெருக்கம் நிகழும் திசையும் அலை செல்லும் திசையும் ஒன்றாக இருப்பதால் இதை நெட்டலை என்பர். இதன் வேகம் உறைநிலைக் குளிரில் வினாடிக்கு 331 மீட்டர். வெப்பம் ஒரு பாகை கூடும்போது ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். சாரல் விழும் 25 பாகை மாலையில் 346 மீட்டர். சித்திரை வெயில் 38 பாகையைத் தொடும் நண்பகலில் 354 மீட்டர். நீரில் இதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். கருங்கல்லில் அதனினும் பன்மடங்கு விரைவு.

பேரருவியில் நீர் மலையுச்சியிலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. இடையே பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குடைவில் விழுந்து, கொதிப்பதுபோல் பொங்கி, வேகம் தணிந்து, பின்பே கீழே நிற்பவர் தலையில் இறங்குகிறது. அந்தக் குடைவு இல்லையேல் அருவியின் கீழ் மனிதர் நிற்க முடியாது. நீர் பாறையில் மோதுவதே அருவியின் முழக்கம் என்று பலரும் எண்ணுவர். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஓடும் நீர் பேசுவதற்குப் பெரிதும் காரணம் நீர்க்குமிழி. விழும் நீர் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அமிழ்கிறது. அகப்பட்ட காற்று குமிழியாகித் துடிக்கிறது. ஒவ்வொரு குமிழியும் ஒரு சிறு மணி. பெல்ஜியத்தில் பிறந்து ஹாலந்தில் பணியாற்றிய மின்னார்ட் என்ற வானியல் அறிஞர் 1933-இல் இதற்குக் கணக்கு வகுத்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்கு 3,000 முறைக்கு மேல் துடிக்கும். அதுவே ஒரு சென்டிமீட்டர் ஆரமானால் 300 முறைக்குச் சற்று மேல்தான். சிறிய குமிழி கீச்சுக்குரல், பெரிய குமிழி கட்டைக்குரல். சிற்றருவி சலசலப்பதும், நீர்ப்பெருக்கில் பேரருவி அடித்தொண்டையில் முழங்குவதும் இதனால்தான். விண்மீன்களை ஆராய்ந்த ஒருவர் நீர்க்குமிழியின் சுருதியைக் கணக்கிட்டார் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

கோடானுகோடிக் குமிழிகள் வெவ்வேறு சுருதியில் ஒரே நேரத்தில் ஒலிப்பதால் அருவியின் ஓசையில் எல்லாச் சுருதிகளும் கலந்து கிடக்கின்றன. அதற்கு நடுவே மனிதக் குரல் எடுபடாது. நான்கடி தள்ளி நிற்கும் மகனைத் தாய் பெயர் சொல்லிக் கூவுகிறாள், அவன் திரும்புவதில்லை. அவன் காதில் அந்த ஒலி விழாமல் இல்லை. விழுந்த ஒலியை அருவியின் ஓசை மூடிவிடுகிறது. காவலரின் ஊதல் மட்டும் எப்படிக் கேட்கிறது என்றால், குரல் தன் ஆற்றலைப் பல சுருதிகளுக்குப் பங்கிட்டுவிடுகிறது. ஊதலோ முழு ஆற்றலையும் ஒரு குறுகிய இடத்தில் குவிக்கிறது. அதுவும் வினாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வுகள் என்ற, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியில்.

இதைப் பாடமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக இயலவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மலைமேல் பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. வெள்ளம் வந்தால் சத்தம் முன்னதாகக் கேட்கும் என்று நம்பி நிற்பவர்கள் உண்டு. அருவிக்கு அடியில் நிற்கும் செவி, வேறு எந்த ஓசையையும் முன்கூட்டி அறியும் நிலையில் இல்லை. ஆகவே ஊதல் கேட்ட அக்கணமே வெளியேற வேண்டும் என்பதையும், ஊதல் கேட்காவிட்டாலும் அடிக்கடி திரும்பிக் கரையில் நிற்பவர் கையசைவைப் பார்க்க வேண்டும் என்பதையும் நீரில் இறங்குமுன் பிள்ளைக்குச் சொல்லிவைப்பது பெற்றோர் கடமை. எண்ணெய் தேய்த்துவிடும் நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்திதான்.

அருவி வற்றிய பங்குனி, சித்திரை நாள்களில் குற்றாலம் வேறு ஊர். கடைகள் உறங்கும், குரங்குகள் மட்டும் விழித்திருக்கும். அப்போது பாறை முகத்துக்கு எதிரே 35 மீட்டர் தள்ளி நின்று ஒரு குரல் கொடுத்தால், ஒலி போக 35, வர 35 ஆக 70 மீட்டர் கடந்து, ஐந்தில் ஒரு வினாடியில் திரும்பும். ஓர் ஒலி கேட்டபின் பத்தில் ஒரு வினாடி வரை அதன் உணர்வு மனத்தில் நிற்கிறது. அதற்குள் திரும்பி வரும் ஒலியைச் செவி தனியே பிரித்தறியாது. பத்தில் ஒரு வினாடியில் ஒலி ஏறக்குறைய 34 மீட்டர் செல்லும். அதில் பாதிதான் பாடநூலின் 17 மீட்டர். தமிழில் சிலம்பு என்றால் ஒலி என்றும் பொருள், மலை என்றும் பொருள்; சிலம்புதல் என்றால் எதிரொலித்தல். மலையையும் அது திருப்பித் தரும் ஓசையையும் ஒரே சொல்லால் குறித்தவர்களுக்கு இந்த இயற்பியல் புதிதாக இருந்திராது.

சங்கும் கருவறையும்

அருவிக்கரையிலேயே அமர்ந்திருக்கிறார் குற்றாலநாதர். அகத்தியர் தொட்டுத் திருமாலைச் சிவலிங்கமாக்கிய தலம் என்பது தலவரலாறு. கோயிலின் அமைப்பே சங்கு வடிவில் இருப்பதைக் காட்டி அந்த வரலாற்றை நினைவூட்டுவார்கள். திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், தலமரமான குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். ஒரு மரத்துக்கென்று பதிகம் பெற்ற ஊரில் மரத்தை வணங்காமல் திரும்புவோர் பலர் உண்டு. அவர்களுக்கு அருவி மட்டும் நினைவில் நிற்கும்.

சங்கைக் காதில் வைத்தால் கடலோசை கேட்கும் என்பது பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. கடல் சங்குக்குள் இல்லை. சுற்றிலும் இருக்கும் மெல்லிய ஓசைகளுள் தன் குழிவின் அளவுக்குப் பொருந்தியவற்றைச் சங்கு தேர்ந்து பெருக்குகிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. இதை ஒத்ததிர்வு என்பர். ஓசையே இல்லாத அறையில் சங்கும் ஊமைதான். ஊதும்போது நிகழ்வதும் அதுவே: உதடுகள் துடிக்க, சுருண்டு விரியும் குழாய் தனக்கு உகந்த சுருதியைப் பற்றிக்கொண்டு வெளியே அனுப்புகிறது. வழிபாட்டில் சங்கை ஊதியவர்கள் நம்மவர்கள் மட்டும் அல்லர். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுள்ள சாவின் என்னும் கற்கோயிலில் 2001-இல் இருபது ஊதுசங்குகள் கிடைத்தன. அக்கோயிலின் இருண்ட கல்வழிகளில் சங்கோசை எவ்வாறு நடமாடியது என்பதை ஆய்வாளர்கள் கருவிகள் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கருவறையும் ஒரு குழிவுதான். பத்தடி, அதாவது 3 மீட்டர் அகலமுள்ள ஒரு கல்லறையைக் கற்பனை செய்துகொள்ளலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி ஒருமுறை போய்வர 6 மீட்டர். 346-ஐ 6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 58. வினாடிக்கு 58 அதிர்வும் அதன் மடங்குகளான 115-உம் 173-உம் அந்த அறைக்கு உகந்தவை. ஆண்குரல் சாதாரணமாக உலவும் இடம் இதை ஒட்டியதே. உள்ளே அர்ச்சகர் தணிந்த குரலில் மந்திரம் சொல்லும்போது, அவர் வீட்டில் பேசும் குரலுக்கு இல்லாத ஒரு கனம் அதற்கு வந்துவிடுவதை வாசலில் நிற்போர் கேட்டிருப்பர். சிற்பி இதைக் கணக்கிட்டே அளவு வகுத்தார் என்று சொல்வதற்கில்லை. கேட்பவருக்கு மெய் சிலிர்க்கிறது என்பது மட்டும் பொய்யில்லை.

இருண்ட மண்டபங்களில் தொங்கும் வௌவால்களும் எதிரொலிக் கணக்கில் வல்லவை. பூச்சி தின்னும் வௌவால் மனிதச் செவிக்கு எட்டும் 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட மீயொலியை எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டே இரை தேடுகிறது. 50,000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 7 மில்லிமீட்டர். சிறு பூச்சியில் பட்டுத் திரும்ப அலையும் அத்தனை சிறிதாக இருக்க வேண்டும். நீண்ட அலை பூச்சியைப் பொருட்படுத்தாமல் வளைந்து போய்விடும்.

தென்காசியின் காற்று

இனித் தென்காசி. காசிக்குச் செல்ல இயலாதவர்களுக்காகச் சிற்றாற்றங்கரையில் பராக்கிரம பாண்டியன் 1446-இல் எழுப்பத் தொடங்கிய கோயில் இது. கோபுரத் திருப்பணி 1457-இல் தொடங்கி, அவன் தம்பி குலசேகர பாண்டியன் காலத்தில் நிறைவெய்தியது. பின்னாளில் தீயாலும் காலத்தாலும் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்று, 1990-இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 180 அடி.

கோபுர வாயிலில் நுழைந்தவர் எவரும் முதலில் பேசுவது காற்றைப் பற்றித்தான். மேற்கே மலைத்தொடரில் உள்ள கணவாயின் வழியே வரும் பருவக்காற்று, அகன்ற வெளியிலிருந்து ஒடுங்கிய வாயிலுக்குள் புகும்போது வேகம் கொள்கிறது. வேட்டியை ஒரு கையாலும் அர்ச்சனைத் தட்டை மறு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காற்றுக்கும் மணியோசைக்கும் ஓர் உறவு உண்டு. தரையை ஒட்டிய காற்று மரங்களாலும் வீடுகளாலும் தடைப்பட்டு மெதுவாகவும், உயரத்திலுள்ள காற்று விரைவாகவும் வீசும். காற்றோடு செல்லும் ஒலியலையின் மேற்பகுதி முந்திக்கொள்வதால் அலை தரையை நோக்கி வளைகிறது. காற்றை எதிர்த்துச் செல்லும் அலையோ வானை நோக்கி வளைந்து விலகிவிடுகிறது. எனவே சாரல் காலத்தில் கோயில் மணி கிழக்கேயுள்ள தெருக்களில் தெளிவாகவும், அதே தொலைவில் மேற்கே மங்கலாகவும் கேட்கும். “நேத்து மணி அடிக்கலையே” என்று ஒரு தெருக்காரரும் “அடிச்சாங்களே” என்று மறு தெருக்காரரும் வழக்கிடுவார்களானால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கக்கூடும்.

சண்டிகேசுவரர் சந்நிதிக் கைத்தட்டலுக்கு இப்போது வந்துவிடலாம். பெரிய வெற்றுச் சுவரோ பாறையோ தொலைவில் இருந்தால் ஒலி ஒரே முறை தெளிவாகத் திரும்பும், அது எதிரொலி. மண்டபத்தில் சுவரும் தூணும் கூரையும் தரையும் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பட்டு ஒலி நூற்றுக்கணக்கான துணுக்குகளாகத் திரும்புகிறது. முதல் துணுக்கு அடங்குமுன் அடுத்தது, அதற்குள் அடுத்தது. செவியால் பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே நீண்ட ஓசையாக இழைகின்றன. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். யாளியும் வீரபத்திரரும் நிற்கும் சிற்பத் தூண்கள் ஒலியை நாலாபுறமும் சிதறடிப்பதால் இந்த இழைவு மிருதுவாகிறது. விசயபுரத்துக் கோல் கும்பாசு போன்ற குவிமாடங்களில் வேறு கதை: வளைந்த பரப்பு ஒலியைக் குவித்து அனுப்ப, ஒரே சொல் பன்முறை தனித்தனியே கேட்கும், சுவரோரம் கிசுகிசுத்தது எதிர்ப்புறம் போய்ச் சேரும். சர் சி.வி. இராமன் 1921-இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மாடத்தில் இந்தக் கிசுகிசுப்பை ஆராய்ந்து, பின்னர் கோல் கும்பாசையும் எடுத்துக்கொண்டார். மிருதங்கத்தின் நடுவே பூசும் கருமை அதன் நாதத்தை எப்படிச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று கண்டு சொன்னவரும் அவரே.

கல் ஏன் இவ்வளவு நேரம் ஓசையை வைத்திருக்கிறது? திண்ணிய கல், தன்மேல் படும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கை மட்டும் விழுங்கி மிச்சத்தைத் திருப்பிவிடும். வீட்டில் மெத்தையும் திரையும் துணிகளும் விழுங்கிவிடுகின்றன. இதைக் கணக்காக்கியவர் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பேசிய சொல் ஐந்தரை வினாடி அடங்காமல் நின்றது. ஊர் அடங்கிய இரவுகளில் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்புவதும், ஓர் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி ஓசை மறையும் நேரத்தை அளப்பதும், விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைப்பதுமாக உழைத்தார். கிடைத்த விதி எளியது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வினாடிகளில் கிடைக்கும்.

ஒரு மண்டபத்துக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 30 மீட்டர், அகலம் 12, உயரம் 6 என்று கொண்டால் கன அளவு 2,160. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 1,224 சதுர மீட்டர். இதில் வாயில்களும் திறப்புகளும் 100 என்க. திறப்பில் புகுந்த ஒலி திரும்பாது, ஆகவே நூறும் நூறாகவே கணக்கில் சேரும். மிச்சமுள்ள 1,124 சதுர மீட்டர் கல் நூற்றுக்கு 2 வீதம் விழுங்கினால் 22.5. மொத்தம் 122.5. நேரம் 2.8 வினாடி. இப்போது திருவிழா நாள். இருநூறு பேர் உள்ளே நிற்கிறார்கள். ஓர் ஆள், உடுத்திய துணியோடு, அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைந்த திறப்புக்குச் சமம், 0.45 என்றால் இருநூறு பேருக்கு 90. நேரம் 1.6 வினாடியாகக் குறைந்துவிட்டது. கூட்டம் பேசாமல் நின்றால், வெற்று மண்டபத்தைவிட நிறைந்த மண்டபத்தில் குரல் தெளிவு. பேசாமல் நின்றால் என்பதுதான் சிக்கல்.

ஓதுவாரின் குரல்

சாதாரணப் பேச்சில் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து அசைகள். 2.8 வினாடி எதிர்முழக்கமுள்ள மண்டபத்தில் ஒருவர் அவ்வேகத்தில் பேசினால், முதல் அசை அடங்குமுன் பதினான்கு அசைகள் அதன்மேல் வந்து விழுகின்றன. சொல் எல்லாம் குழம்பாகிவிடும். ஓதுவாமூர்த்திகள் தேவாரத்தைச் சுத்தாங்கமாகப் பாடும் முறையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தாளக் கட்டின்றி, பண்ணை மட்டும் துணையாகக் கொண்டு, ஒவ்வொரு சீரையும் நிறுத்தி, நெடிலை நீட்டி, அடிக்கும் அடிக்கும் இடையே மூச்சு விட்டு அவர்கள் பாடுவது கல் மண்டபத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஓர் அடி முடிந்து அதன் நாதம் கூரையில் கரையும் வரை காத்திருந்து அடுத்த அடி தொடங்குகிறது. அப்போது கல் தடையாக இல்லை; தம்புரா பிடிக்கிறது.

அதே மண்டபத்தில் ஒலிபெருக்கி வைக்கும்போது கணக்கு மாறுகிறது. பல திருக்கோயில்களில் வழக்கமாய்விட்ட ஏற்பாடு, ஒரு மூலையில் ஒரு கூம்பு, 30 மீட்டருக்கு அப்பால் மறு மூலையில் இன்னொரு கூம்பு, இரண்டையும் உச்சத்தில் வைப்பது. ஒரு கூம்பின் அருகே நிற்பவருக்கு அடுத்த கூம்பின் குரல் 30 மீட்டர் கடந்து, 0.09 வினாடி தாழ்ந்து வருகிறது. 34 மீட்டரைத் தாண்டினால் இரண்டு ஓதுவார்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாடுவதுபோல் கேட்கும். ஒலியளவைக் கூட்டினால் தெளிவு கூடும் என்பது தவறான எண்ணம். நேரே வரும் ஒலி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே எதிர்முழக்கமும் கூடுகிறது. கரையிலிருந்து கூவிய தாயின் குரலை அருவி மூடியதுபோல, ஓதுவார் குரலை அவருடைய குரலே மூடிவிடுகிறது. தீபாராதனை வேளையில் பொத்தானை அழுத்தியதும் மோட்டாரால் அதிரும் மேளமும் மணியும் சேர்ந்த பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆள் கிடைக்காத சிறு கோயில்களுக்கு அது உதவி. ஓதுவார் நின்று பாடும் கோயிலில் அவர் பாடும்போதே அதை ஓடவிடுவது, பாட வேண்டாம் என்று அவரிடம் சொல்வதற்குச் சமம்.

தீர்வு கடினமானதன்று. பெரிய கூம்புகளுக்குப் பதிலாக, தூணுக்குத் தூண் சிறிய ஒலிபெருக்கிகளைக் கேட்போர் காதுக்கு அருகே, தணிந்த அளவில், கூட்டத்தை நோக்கித் திருப்பி வைத்தால் நேர் ஒலி வலுத்து எதிர்முழக்கம் குறையும். தொலைவிலுள்ளவற்றுக்கு மின்னணுக் கருவியால் சில நூறில் ஒரு பங்கு வினாடி தாமதம் கொடுத்துவிட்டால் முன்னும் பின்னும் ஒரே குரலாகச் சேரும். பத்து இருபது பேர் மட்டும் நிற்கும் வேளையில் ஒலிபெருக்கியே வேண்டியதில்லை. திருப்பணி என்றால் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவது மட்டும் என்று இருந்துவிட முடியாது. பராக்கிரம பாண்டியன் இக்கோயிலில் பொறித்த பாடல் ஒன்றில், பிற்காலத்தில் இவ்வாலயத்துக்கு ஒரு குறை நேர்ந்து அதைச் சரிசெய்பவர் யாராயினும் அவரைத் தான் இப்போதே பணிவதாகச் சொல்லிவைத்திருக்கிறான். அரசன் முன்கூட்டியே வணங்கிவிட்ட அந்த வரிசையில், ஒலிபெருக்கியைத் தணித்து வைக்கும் கோயில் ஊழியரும் ஒருவர்தாம்.

இத்தனையும் கேட்ட பிள்ளை, தானே அளந்து பார்க்க விரும்பினால் கோயிலுக்குள் வேண்டாம். பாட்டி சொன்னது சொன்னதுதான். பள்ளி மைதானத்தில் உயரமான வெற்றுச் சுவர் ஒன்றிலிருந்து 43 மீட்டர் அளந்து, ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் நிற்கட்டும். நியூட்டன் இதைக் கேம்பிரிட்ஜில் தம் கல்லூரியின் தூண் வரிசைத் தாழ்வாரத்தில், திருக்கோயில் பிராகாரம் போன்ற ஓரிடத்தில், செய்தார். கடிகாரத்துக்குப் பதில் ஓர் ஊசற்குண்டைத் தொங்கவிட்டு அதன் ஆட்டத்தோடு எதிரொலியை ஒப்பிட்டார். அவர் ஏட்டில் போட்ட கணக்கு ஒலியின் உண்மை வேகத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. நெருக்கப்படும் காற்று ஒரு கணம் சூடேறுகிறது என்பதைச் சேர்த்து நூறாண்டுக்குப் பின் லாப்லாஸ் அதைத் திருத்தினார்.

பிள்ளை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், எதிரொலி வரும், அதே இடைவெளி விட்டு அடுத்த தட்டு. தட்டு, எதிரொலி, தட்டு, எதிரொலி என்று தாளம் தவறாமல் நான்கும் சம இடைவெளியில் விழ வேண்டும். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இது எளிதில் கைவரும். முதல் தட்டைச் சுழி என்று எண்ணித் தொடங்கி, இருபது எண்ணும் வரை ஆன நேரத்தைத் தந்தை கைக்கடிகாரத்தில் பார்க்கட்டும். பத்து வினாடி ஆனால், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் அரை வினாடி; ஒலி போய்வந்தது அதில் பாதி, கால் வினாடி. கால் வினாடியில் 86 மீட்டர் என்றால், ஒரு வினாடிக்கு 344. விடியற்காலைக் குளிருக்குச் சரியான விடைதான். வெயில் ஏறிய பிறகு அதே இடத்தில் மீண்டும் தட்டினால் பத்து வினாடிக்குச் சற்று முன்னதாகவே இருபது வந்துவிடும். எவ்வளவு முன்னதாக என்பதை அன்றைய வெப்பநிலையைக் கொண்டு பிள்ளையே கணக்கிட்டுச் சொல்லட்டும்.